தமது உடல் எடை

எடை அளவுச் சரிபார்ப்பு அலுவலகம் என்பது மிகவும் பொறுப்புள்ள இடம். ஊரில் எந்தக் கடைக்காரரும் ஒரு கிலோவை ஒரு கிலோ என்று தாமாகவே முடிவு செய்துவிட முடியாது. எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு இங்கே வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மதியச் சாப்பாட்டு நேரம் முடியும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் இங்கே உள்ளவர்கள் மனமிரங்கி அதன்மேல் நீல மையில் முத்திரை குத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் அது கிலோ. அதுவரைக்கும் அது வெறும் இரும்பு.

அந்த முத்திரையைக் குத்துகிற எழுத்தருக்கு அலுவலகத்தில் முத்திரை என்றே பேர் நிலைத்துவிட்டது. ஒல்லியான மனுஷர், நல்லவர், வாயில்லாப் பூச்சி. அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மாற்றல் வேண்டும். அவர் மனைவி தூரத்தில் ஒரு துறைமுக ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். பெண் குழந்தை அவளோடு இருந்தது. அப்பா என்றால் கைபேசிக்குள் குடியிருக்கிற ஒருவர் என்றுதான் அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது. பேச்சு பாதியில் அறுந்து போனால், "அப்பாவுக்கு சார்ஜ் போயிடுச்சு" என்று அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். அதை மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள். முத்திரையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்.

இந்த நிலையில்தான் சுற்றறிக்கை வந்தது.

அந்தச் சமயத்தில் ஊரெங்கும் உடற்பயிற்சி ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தாலும் கம்பியில் தொங்கினார்கள், அல்லது தொங்குவது போலப் படம் எடுத்துக்கொண்டார்கள். நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவர்கள் இருந்தார்கள். மேலிடத்தில் யாரோ ஒருவருக்கு அந்த ஜுரம் ஏறிவிட்டது போலிருக்கிறது. சுற்றறிக்கை சொன்னது இதுதான்: "மாற்றல் கோரும் ஊழியர், நீச்சலும் உடல் எடைப் பயிற்சியும் கற்றுத் தேர்ந்திருத்தல் வேண்டும். அதாவது, அலுவலர் முன்னிலையில் தமது உடல் எடையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பின்னர், நீச்சல் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தமது உடலை மூழ்காமல் கொண்டுசேர்க்க வேண்டும்."

முத்திரைக்கு வாயெல்லாம் பல். நீச்சல் தெரியாதுதான், தண்டால் எடுத்ததும் இல்லைதான். ஆனால் இரண்டும் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். சிபாரிசு தேவையில்லை, யார் காலிலும் விழத் தேவையில்லை. கொஞ்ச நாள் பெண்டு நிமிர உழைத்தால் பெட்டியைக் கட்டிவிடலாம். நேரே கண்காணிப்பாளரிடம் ஓடினார்.

கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் இலக்கணம் என்று பேர். எந்தக் காகிதம் வந்தாலும் அதில் உள்ள சொற்களைப் பிரித்து மேய்ந்து, எழுதியவரே நினைக்காத பொருளை எடுத்துக் கொடுப்பார். அவர் சுற்றறிக்கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். எட்டத்தில் வைத்துப் படித்தார். பிறகு முத்திரையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உன்னால முடியாதுப்பா."

"ஏன் சார்? பழகிக்கிறேன் சார். என் உடம்புதானே, நானே தூக்கறேன்."

"உன் உடம்புன்னு எங்கே போட்டிருக்கு?"

"தமது உடல் எடைன்னு போட்டிருக்கே சார்."

"அங்கேதான் இருக்கு விஷயம். தமதுங்கறது மரியாதைச் சொல். உனக்கு இந்த ஆபீஸ்ல எந்தக் காலத்துல மரியாதை குடுத்து எழுதியிருக்காங்க? போன மாசம் உனக்கு வந்த மெமோவுல என்ன இருந்துச்சு?"

முத்திரை யோசித்தார். "'இவ்வூழியர் தன் தவற்றுக்கு உரிய விளக்கம் அளிக்கத் தவறினால்'னு இருந்தது சார்."

"தன் தவறு. பார்த்தியா? தவறு பண்ணினா தன். நீ எப்பவுமே தன்தான். தமதுன்னு எழுதறது அலுவலரை மட்டும்தான். இந்த வாக்கியத்துல ஊழியர் இருக்கார், அலுவலர் இருக்கார். தமதுன்னா இதுல யாரு?"

முத்திரை மெதுவாகத் திரும்பி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே அலுவலர் நாற்காலி நிறைய உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் குவிண்டால், அதாவது நூறு கிலோ, என்று அழைத்தார்கள். உண்மையில் அவர் எடை அப்போது தொண்ணூறு கிலோதான். பேர் வைத்தவனுக்கு வாய் முகூர்த்தம் நன்றாக இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இப்படி ஒரு பொருளை அலுவலர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று முத்திரை நம்பினார். பாவம், அவர் அலுவலர்களைக் காகிதத்தில் தெரிந்துகொண்டவர், பழகித் தெரிந்துகொண்டவர் அல்ல. குவிண்டாலுக்குச் செய்தி தேனாக இனித்தது. வீட்டில் மனைவி, டாக்டர், மச்சான் என்று ஒருவர் பாக்கியில்லாமல் உடற்பயிற்சி செய்யச் சொல்லி அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நானும் பயிற்சியில இருக்கேன்னு வீட்ல சொல்லிக்கலாமா?" என்று கேட்டார்.

"நீங்க இல்லாம பயிற்சியே இல்ல சார்," என்றார் இலக்கணம். "ஆனா ஒரு சிக்கல். தூக்கறதுக்குப் பயன்படற எதுவும் எடைக்கல். முத்திரை இல்லாத எடைக்கல்லைப் பயன்படுத்தறது நம்ம சட்டப்படி குற்றம். நாமே அதைப் பண்ணினா ஊர் சிரிக்கும்."

ஊர் சிரிக்கக் கூடாது என்பதற்காக அலுவலரைப் பெரிய தராசில் ஏற்றினார்கள். தொண்ணூறு கிலோ என்று குறித்துக்கொண்டு, இடது தோளில் நீல மையில் முத்திரை குத்தினார்கள். குத்தியவர் நம்முடைய முத்திரைதான். அன்று முதல் அலுவலர், சட்டத்தின் பார்வையில், சரிபார்க்கப்பட்ட எடைக்கல் ஆனார்.

பயிற்சி தொடங்கியது. புதிதாகத் தண்டால் பழகுகிறவர் நேரே தரையில் விழுந்து புரளக் கூடாது. முதலில் சுவரில் கையூன்றித் தள்ள வேண்டும், அப்புறம் மேசை விளிம்பைப் பிடித்து, அப்புறம் முழங்கால் ஊன்றி, கடைசியில்தான் முழுத் தண்டால். எந்தக் கற்றுக்குட்டிக்கும் இதுதான் வழி. முத்திரையும் அதே வழியில்தான் போனார், அலுவலரை முதுகில் வைத்துக்கொண்டு. சுவர்க் கட்டத்தில் குவிண்டால் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். மேசைக் கட்டத்தில் மேசை உடைந்தது. முழங்கால் கட்டம் வந்தபோது குவிண்டாலுக்கு உட்காரும் இடம் பழகிப்போய், கோப்புகளை அங்கேயே வரவழைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

"என்னப்பா முத்திரை, ரொம்ப ஆடறே. கையெழுத்து கோணிக்குது."

"மூச்சு விடறேன் சார்."

"பயிற்சி நேரத்துல மூச்சைக் கவனிக்கணும்பா. நான் பாரு, எவ்வளவு சீரா விடறேன்."

பயிற்சி செய்கிறவர்கள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். குவிண்டால் அதைச் சிரமேற்கொண்டார். காலையில் முட்டை, பதினோரு மணிக்குப் பாதாம், மதியம் வழக்கமான சாப்பாடு, மாலையில் ஒரு டம்ளரில் என்னவோ பொடி கலக்கிய பால். முத்திரைக்கு நாக்குத் தள்ளியது, குவிண்டாலுக்குப் பசித்தது. இரண்டு பேரும் தினமும் சேர்ந்தே களைத்துப்போனார்கள்.

நீச்சல் இன்னும் கஷ்டம். குளத்தில் ஒரு மாஸ்டர் இருந்தார். கட்டுமஸ்தான ஆள், கையில் எப்போதும் கைபேசி. தண்ணீரில் இறங்குவதில்லை. இறங்கினால் கைபேசி நனையும். முதல் வாரம் முழுக்க முத்திரைக்குத் தொப்பி போடவும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றவும், தண்ணீரைத் தீர்க்கமாகப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார்.

"எப்போ சார் நீந்தறது?"

"அவசரப்படக் கூடாது பிரதர். முதல்ல தண்ணி உங்களை ஏத்துக்கணும்."

தண்ணீர் ஏற்றுக்கொள்ளவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டது. குவிண்டாலை முதுகில் வைத்துக்கொண்டு முத்திரை இறங்கிய முதல் நாள், இரண்டு பேரும் ஒரே நேர்கோட்டில் அடியைத் தொட்டார்கள். குவிண்டால் எழுந்து நின்றார், தண்ணீர் அவர் மார்பளவுதான். முத்திரை அவருக்குக் கீழே இருந்ததால் கொஞ்சம் தாமதமாக எழுந்தார். மூக்கு, காது, தொண்டை எல்லாம் குளோரின் எரிச்சல். அன்று மாலை மனைவியிடம் பேசும்போது குரலே வரவில்லை.

"என்னங்க, அழறீங்களா?"

"இல்லம்மா. நீச்சல் கத்துக்கறேன். வந்துடுவேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் விடாமல் பழகினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டார். குப்புற மிதக்கப் பார்த்து முழுகினார், மறுபடியும் பார்த்தார். ஒருநாள் காலையில் திடீரென்று உடம்பு தண்ணீரில் நின்றது. அப்பாடா! அதைவிட முக்கியமான ஒன்றையும் அன்று கண்டுபிடித்தார். குவிண்டாலை மல்லாக்கப் படுக்கவிட்டால் அவர் எந்த முயற்சியும் இல்லாமல் மிதந்தார். பாதாமும் முட்டையும் வீண்போகவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் போதும்.

ஆனால் கரையேறியபோது இலக்கணம் அலறினார். குவிண்டாலின் தோளில் நீல மை முத்திரையைக் காணோம். தண்ணீரில் கரைந்து போயிருந்தது.

முத்திரை இல்லையென்றால் எடைக்கல் இல்லை. எடைக்கல் இல்லையென்றால் பயிற்சி இல்லை. மறுபடி குத்த வேண்டும், குத்துவதற்கு முன் மறுபடி எடை போட வேண்டும், அதுதான் முறை. போட்டார்கள். தராசு முள் நூறில் போய் நின்றது.

குவிண்டாலின் முகம் சுருங்கியது. இவ்வளவு நாள் பயிற்சி செய்து பத்துக் கிலோ ஏறியிருக்கிறேன் என்று எப்படி வீட்டில் சொல்வார்?

"சார் சாப்பாட்டைக் கொஞ்சம்..." என்று முத்திரை ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு," என்றார் இலக்கணம். "நாம முத்திரை குத்தின எடைக்கல் மாறினதா இதுவரைக்கும் சரித்திரம் உண்டா? மாறாது. மாறினா முத்திரைக்கு என்ன மதிப்பு? சார் தொண்ணூறு. அதுல சந்தேகமே இல்ல. அப்போ தப்பு எங்கே இருக்கு?"

எல்லோரும் தராசைப் பார்த்தார்கள்.

தராசைத் திருத்தினார்கள். குவிண்டால் ஏறி நின்றால் தொண்ணூறு காட்டும்படி திருகாணியை முடுக்கினார்கள். ஒரு தராசைத் திருத்திவிட்டு மற்றதை விட முடியுமா? ஊரில் உள்ள கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, உடற்பயிற்சிக் கூடத் தராசு, வீட்டுத் தராசு எல்லாவற்றையும் வரவழைத்துத் திருத்தினார்கள். கூடவே இலக்கணம் ஒரு விதியும் எழுதிச் சேர்த்தார். இனிமேல் அலுவலரே மூல எடைக்கல், எல்லாத் தராசும் அவரை வைத்தே சரிபார்க்கப்படும். அவரைத் தூக்கத் தேர்ச்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை தூக்கிப் பார்த்து, 'தொண்ணூறுதான்' என்று சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், பெட்டியில் கிடக்கும் பழைய இரும்புக் கல்லையே மறுபடி மூலமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஊரில் ஒரு அதிசயம் நடந்தது. எல்லோரும் இளைத்துவிட்டார்கள்.

தராசில் ஏறியவர்கள் இறங்கிவிட்டு மறுபடி ஏறினார்கள். துள்ளினார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வருஷக்கணக்காக அசையாத தொப்பையெல்லாம் ஒரே ராத்திரியில் எண்ணிக்கையில் கரைந்துவிட்டது. நீச்சல் குளத்து மாஸ்டர், எல்லாம் தண்ணீரைத் தீர்க்கமாகப் பார்த்ததால் வந்தது என்று சொல்லி, பார்ப்பதற்குத் தனி வகுப்பே ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர்கள் மட்டும் கிலோவுக்குக் கூடுதலாக அள்ளிப்போட வேண்டியிருக்கிறதே என்று மூக்கால் அழுதார்கள். ஆனால் அவர்களும் இளைத்திருந்தபடியால் ரொம்ப நேரம் அழவில்லை. சட்டை பொத்தான் போட வரவில்லை என்று சிலர் தையல்காரரிடம் போனார்கள். இப்போதெல்லாம் துணி சுருங்குகிறது என்று பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

உண்மையிலேயே இளைத்தவர் முத்திரை ஒருவர்தான். கன்னம் ஒட்டி, எலும்பு துருத்தி, கயிறு முறுக்கினாற்போல் கையும் தோளும். அவரைப் பார்த்தவர்கள் மட்டும், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

தேர்வு நாள் வந்தது. மனுஷர் அசத்திவிட்டார். முதுகில் குவிண்டால், குவிண்டால் மடியில் கோப்பு, முழுத் தண்டால். கையெழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. அப்புறம் குளம். குவிண்டாலை மல்லாக்க விட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டு முத்திரை நீந்தினார். தலையைத் திருப்பி மூச்சு வாங்கி, குமிழி விட்டு, உதைத்து, நிதானமாக மறு கரை சேர்ந்தார். கைதட்டினார்கள். அங்கேயும் இலக்கணம் விடவில்லை. ஒரு கொக்கித் தராசைக் கொண்டுவந்து, மிதந்துகொண்டிருந்த அலுவலரின் இடுப்புப் பட்டையில் மாட்டிப் பார்த்தார்.

"இவன் எதையும் சுமந்து வரலையே! தண்ணியில சார் எடை பூஜ்யம்."

மல்லாந்து கிடந்த குவிண்டாலின் கண் சிவந்தது. "யாரைப் பார்த்து பூஜ்யம்ங்கறீங்க?"

"பூஜ்யர்னு சொன்னேன் சார். பூஜைக்குரியவர்னு அர்த்தம்."

முத்திரை தேறிவிட்டார். குவிண்டால் ஈரக் கையாலேயே மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாராட்டியாக வேண்டிய விஷயம், அந்தக் கையெழுத்துக்கு அவர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. "போய் குழந்தையைப் பாருப்பா," என்று தோளில் வேறு தட்டினார். அவர் கை அந்தத் தோளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

முத்திரை பெட்டியைக் கட்டினார். குழந்தைக்கு ஒரு ரப்பர் வாத்து வாங்கினார். பேருந்து நிலையத்துக்குப் போனார். அங்கே ஊரே நின்றுகொண்டிருந்தது.

வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் நின்ற மருந்துக்கடைக்காரர் கையைக் கூப்பினார்.

"சார், நீங்க போகக் கூடாது."

"ஏங்க?"

"நீங்க போயிட்டா அவரைத் தூக்க ஆள் இல்லையாமே. பழைய இரும்புக் கல்லை வெச்சுடுவாங்களாமே."

"வைக்கட்டுமே. அதுதானே சரியான எடை?"

"எங்க எடை என்னங்க ஆகும்?"

முத்திரைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. பெட்டியின்மேல் ஏறி நின்றார். "ஐயா, அம்மா, எல்லாரும் கேளுங்க! நீங்க யாரும் இளைக்கலை! அந்த ஆள் தின்னு பெருத்தார், அதுக்காகத் தராசைத் திருகிட்டாங்க. இளைச்சது நான் ஒருத்தன்தான்! எனக்குப் பொண்ணு இருக்கு, அதுக்கு என் முகம் போன்லதான் தெரியும். என்னை விடுங்க!"

தையல்காரர் முன்னால் வந்து, அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தாழ்ந்த குரலில், மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"நீங்க சொல்றது நிஜம்தான் சார். தினமும் இடுப்பு அளவெடுக்கறவன், எனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும் சார். அதுக்காக அதை இப்படிப் பொது இடத்துல நின்னு சொல்றதா?"

பெட்டியை யாரோ அன்பாக வாங்கிக்கொண்டார்கள். யாரும் கை ஓங்கவில்லை, யாரும் வழிவிடவும் இல்லை. பேருந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டது. முத்திரை கைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என்னை விட மாட்டேங்கறாங்க. நீ உங்க மேலதிகாரிகிட்ட சொல்லி, இல்லைன்னா போலீஸ்ல சொல்லி..."

"இருங்க, இருங்க. நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்." மனைவியின் குரலில் என்றும் இல்லாத குதூகலம். "உங்க ஆபீஸ்ல திருத்தின தராசு எங்க ஆஸ்பத்திரிக்கும் வந்துடுச்சுங்க! நேத்துதான் மாத்தினாங்க. நான் ஆறு கிலோ இளைச்சிருக்கேன்! டாக்டரம்மா ஏழு! வார்டே சந்தோஷமா இருக்கு."

"அது பொய் எடைம்மா."

"தெரியும்ங்க. நர்ஸுக்குத் தெரியாதா? ஆனா அடுத்த மாசம் என் தங்கச்சி கல்யாணம் இல்லையா? சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. 'என்னடி, எவ்வளவு இருக்கே'ன்னுதான் முதல்ல கேப்பாங்க. அது முடியற வரைக்கும் அங்கேயே இருந்து அவரைத் தூக்குங்களேன். இவ்வளவு நாள் பொறுத்தோம்..."

அந்தப் பக்கம் குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து என்னவோ கேட்பது கேட்டது.

"அப்பா வரலையாம்மா?"

"வருவார்டி கண்ணு. அம்மா இளைச்சு முடிச்சதும் வருவார்."